கூட்டல் பிழை

கோட்டாறு – குளச்சல்.
1955 அக்டோபர் 15, சனி.
வடசேரி மைதானம், கயிற்றுப் பாய்.
சங்கத்து உர ரசீதுக் கட்டுக்குள்
இந்த ஸ்கோர் புக் ஏன் கிடந்தது, தெரியாது.
தணிக்கைக்காரி நான். எண்ணைக் கண்டால்
கூட்டாமல் விட்டதில்லை.

கோட்டாறு:
பதினொரு பேர் அடித்தது நூற்றெட்டு.
உதிரி ஒன்பது.
மொத்தம் என்ற கட்டத்தில் 118.

கீழிருந்து மேலே இன்னொரு முறை கூட்டினேன்.
பந்துவீச்சுப் பக்கமும் 117தான் என்கிறது.

ஓட்டம் விழ விழ அடித்துக்கொண்டே போகும் கட்டங்களில்
71, 72 இரண்டுக்கும் ஒரே கோடு.
ஓரத்தில் ஸ்கோரர் ஞானாபரணத்தின் பென்சில்:
"3.40. தூறல். ஆட்டம் நிறுத்தவில்லை."
ஒரு கையால் தாளை மறைத்திருப்பார்.

குளச்சல் 117. ஒரு ரன்னில் தோல்வி.
கடைசி ஆள் காஸ்பார், ரன் அவுட், 6.
பத்தொன்பது ஓவர் வீசி ஆறு விக்கெட் எடுத்த அலுப்போடு
சமன் செய்ய ஓடியிருக்கிறான்.
சமமாகித்தான் இருந்தது.

பின்னட்டையில் வேறு மை:
"காஸ்பாருக்குக் கூலி. ஜெயித்தால் மூணு ரூபா,
தோற்றால் ஒண்ணரை. பஸ் சார்ஜ் தனி."
ஒண்ணரைக்குக் கீழே கையெழுத்து:
காஸபார.
ஏழு மெய்டன், வரிசை வரிசையாகப் புள்ளி
அவன் கணக்கில்.
பேரில் ஒன்று கூட இல்லை.

சமமானால் எவ்வளவு என்று
எவரும் பேசி வைக்கவில்லை.
சிவப்புப் பென்சிலால்
'நிலுவை' என்று எழுதினேன்.
தொகைக்கு இடம் விட்டிருக்கிறேன்.