போச்சாது

அனுப்பர்பாளையம், காஜா பட்டன் யூனிட் மாடி.
ஞாயிற்றுக்கிழமை. மிஷின்கள் துணி போர்த்திக் கிடக்க
நாலு பேர் போக்கர் ஆடுகிறோம்.
காசுக்குப் பதில் பட்டன்:
வெள்ளை பத்து ரூபாய், நேவி ப்ளூ நூறு.
ஓட்டை அடைந்த ரிஜெக்ட் சரக்குதான்.
பணமாக இருக்க அது போதும்.

நடுவில் இருபத்தெட்டு நேவி ப்ளூ.
தெய்வசிகாமணி இன்னொரு இருபத்தெட்டைத் தள்ளுகிறான்.
தள்ளிவிட்டு ஒரு முறுக்கை எடுக்கிறான்.

விரிந்த ஐந்தில் மூன்று ஆட்டின், அதிலொன்று ராஜா.
கீழே ஒரு நாலு, என் கையில் ஒரு நாலு,
ஜோடி என்று சொல்லக் கூசுகிற ஜோடி.

"பாக்கறயா மாப்ள, போச்சாதுன்னு உடறயா?"

போச்சாது.
திங்கட்கிழமை சொன்னேன்,
பீஸுக்கு எட்டுப் பைசா குறைத்த கம்பெனியில்.
புதன்கிழமை, கலர் மாறிப்போச்சு என்று
சாயப்பட்டறைக்காரர் சிரித்தபோது.
வெள்ளிக்கிழமை இவனிடமே:
"பில்லு அடுத்த வாரமுங்க மாப்ள."
அந்த 'ங்க'வுக்கு நான் எப்போதும் மடிந்துவிடுவேன்.

கணக்கு தெரியாமலில்லை.
மூன்றில் ஒரு தடவை அவன் பொய்யென்றால்
எனக்கு நட்டமில்லை.
இரண்டில் ஒரு தடவையாவது நான் பார்க்காவிட்டால்
எதை வைத்துத் தள்ளினாலும் அவனுக்கு லாபம்.
மோசமான சீட்டை மடிப்பதில் மானம் ஒன்றும் போகாது.
எல்லாச் சீட்டையும் மடிப்பவன் என்று தெரிந்துவிட்டால்
எதிரே இருப்பவனுக்குச் சீட்டே வேண்டியதில்லை.

முறுக்கு இன்னும் கடிபடவில்லை.
அதைப் பார்த்தபடி எண்ணி வைத்தேன்,
இருபத்தெட்டு.

திருப்பினான். இரண்டும் ஆட்டின்.
பிறகுதான் முறுக்கைக் கடித்தான்.
"நாலை வெச்சுட்டா பாத்தே?" என்று
கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன் சிரித்து
டீயைக் கொட்டினார்.
இரண்டாயிரத்து எண்ணூறு.
எனக்குத் தரவேண்டிய பில்லில் கழித்துக்கொள்வான்.
அதுவும் அடுத்த வாரம்.

ஒன்றரை மணி.
மறுபடி நானும் அவனும்தான் மிச்சம்.
நடுவில் ஆறு வெள்ளைப் பட்டன்.
என்னிடம் ஒரு ஜாக்கி, அவ்வளவுதான்.
அவன் கை நேவி ப்ளூ குவியலுக்குப் போனது.
போய், அங்கேயே இருந்தது.
என் முகத்தைப் பார்த்தான்.
அதில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது.
விரலால் மேசையைத் தட்டினான்: தள்ளவில்லை.
நானும் தட்டினேன்.

அவனிடம் பத்துதான் பெரிசு.

அறுபது ரூபாய்.
ஒவ்வொரு பட்டனாக எடுத்தேன்,
அவசரமில்லாமல்.