நூற்றுப் பதினேழாம் தலைமுறை

மீனாட்சிபுரம் சோதனைச்சாவடி தாண்டி மூன்றாவது கட்டிடம்.
மேலே ஆபீஸ், கீழே தீவன மூட்டை.
பதினாறு வண்டி, எழுபத்தொரு கடை,
கொல்லங்கோடு தொடங்கித் திருச்சூர் வரை.
எல்லா வழியையும் எண்ணிப் பார்க்க
சூரியனுக்கே ஆயுள் போதாது.
அதனால் வளர்க்கிறேன்.

இருநூறு அட்டவணைகள்,
தாறுமாறாய்ப் பிறந்தவை.
செலவு குறைந்தது பிழைக்கும்.
பிழைத்த இரண்டை நடுவில் வெட்டி
இதன் தலையில் அதன் வாலை ஒட்டுவேன்.
நூற்றில் ஒன்றில், காரணமே இல்லாமல்,
நெம்மாறையும் ஆலத்தூரும் இடம் மாறும்.

வழியில் சாகும் கோழிக்கு என்ன அபராதம்?
காஜா மைதீன் ராவுத்தர் போனில் இருந்தபடியே சொன்னார்:
தொண்ணூறு போடும்மா.
போட்டேன்.

ராத்திரி ஒன்றரைக்கு,
நூற்றுப் பதினேழாம் தலைமுறையில்,
ஒன்று மட்டும் எல்லாவற்றையும் முந்தியது.
டீசல் பூஜ்யம். சாவு பூஜ்யம்.
திறந்து பார்த்தேன்.
பதினாறு வண்டியும் பண்ணையிலேயே நிற்கின்றன.

சிரித்தேன்.
கீழே கூண்டு ஏற்றும் சத்தம்.
முப்பத்தொன்பது நாளில் இரண்டு கிலோ ஆகும்படி
யாரோ, எங்கோ,
தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கி எடுத்த உடம்புகள்
ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன.
சிரிப்பு பாதியில் நின்றது.

ஒரு வரி சேர்த்தேன்:
சரக்கு போய்ச் சேராத கடை ஒன்றுக்கு
அபராதம் பத்தாயிரம்.
அடுத்த தலைமுறையில்
அந்த அட்டவணை இல்லை.
அதன் வால்கூட யாரிடமும் இல்லை.

நாலு மணிக்கு
சிவதாசன் தாளை ஹெட்லைட்டில் பிடித்துப் படித்தார்.
"நெம்மாறைக்கு முன்னாடி ஆலத்தூரா? ஏன்?"
தெரியாது, என்றேன்.
அதுதான் பிழைத்தது.