இரண்டாவது சக்கரம்

இரவு இரண்டு மணி. சரகோசா பணிமனை.
எஸ்டோலியா முதலில் உள்ளங்கையால் தட்டுகிறாள்,
சந்தையில் தர்பூசணி வாங்குகிறவள்போல.
அழுத்தமானி பிறகுதான்.
ஒன்பது பெட்டிக்கு எழுபத்திரண்டு டயர்.
அறுபதுக்கு மேல் முழங்கால் பேசத் தொடங்கும்.

ஒவ்வொரு டயரை ஒட்டியும் ஓர் இரும்புச் சக்கரம்
தண்டவாளத்துக்கு இரண்டு விரல் மேலே
தொடாமல் சுற்றும்.
பாதை பிரியும் இடங்களில் மட்டும்
பல்லைக் கடித்ததுபோல் ஒரு நெருடல்.
மற்றபடி சும்மா. டயர் செத்தால்தான் அதற்கு வேலை.
'கூடவே சுற்றும், ஒன்றும் செய்யாது,
என் மச்சான் மாதிரி' என்பான் ரெஃபூஹியோ,
கிரீஸ் கையோடு ரொட்டியைக் கடித்தபடி.

ஏரியைத் தூர்த்துக் கட்டிய மெக்சிகோ நகரம்,
அடியில் களிமண் இன்னும் காயவில்லை,
அதிராமல் போகத்தான் ரப்பர் என்பார்கள் சிலர்.
பிரெஞ்சுக்காரன் விற்றான், வாங்கினோம் என்பார்கள் சிலர்.
எஸ்டோலியாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.
கோடையில் சுரங்கம் முழுக்கச்
சுட்ட ரப்பர் வாசம். அவள் தலைமுடியிலும்.

வியாழன் காலை ஏழு மணி. வேலை முடிந்து
பெண்கள் பெட்டியில் நின்றபடியே தூக்கம்.
கடலை மிட்டாய் பத்து பெசோ, பத்து பெசோ.
எதிரே ஒருத்தி
கரண்டி விளிம்பில் இமை மயிரைச் சுருட்டுகிறாள்,
ஓடும் ரயிலில், கண்ணாடிகூட இல்லாமல்.
ரப்பரை நம்பி எத்தனை கண்கள் இந்த ஊரில்!

மெர்செத் நிலையம் தாண்டியதும்
அந்தக் கரண்டி நடுங்கியது.

நெருடல். வந்து போகவில்லை, வந்து தங்கிவிட்டது.
இங்கே பாதை எதுவும் பிரிவதில்லை.
உள்ளங்கால் கணக்குப் போட்டது:
வலப்பக்கம், இரண்டாவது அச்சு.
இரும்பு இறங்கிவிட்டது.
மிட்டாய்க் கூடையோடு, கைப்பைகளோடு, அத்தனை பேரையும்
அது தூக்கிக்கொண்டு போகிறது.
ஒருத்திக்கும் தெரியாது.

பினோ சுவாரெஸில் கதவு திறந்ததும்
ஓட்டுநரின் சன்னலைத் தட்டினாள்,
தர்பூசணி தட்டும் அதே கையால்.
எல்லாரும் இறங்குங்கள் என்றது ஒலிபெருக்கி.
ஒற்றைக் கண்ணில் மட்டும் இமை சுருண்டவள்
'நீ வீட்டுக்குப் போகிறாய்,
எனக்கு அரை நாள் சம்பளம் போச்சு' என்றாள்.
மிட்டாய்க்காரி சொன்னதில் எஸ்டோலியாவின் அம்மாவும் வந்தாள்.

காலி ரயில் ஊர்ந்து கிளம்பியது.
நடைமேடை இடுக்கில் குனிந்து பார்த்தாள்.
கிழிந்த டயர் நாக்குப்போல் தொங்க
பக்கத்தில் அந்த மச்சான்,
துருவெல்லாம் தேய்ந்து ஒரு கீற்று மட்டும் பளபளக்க,
வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெஃபூஹியோவிடம் சொல்ல வேண்டும்.
இன்று அவனுக்கு வார விடுப்பு.