தண்ணி படாத இடம்

மூண்டு தரம் அடிச்சும் எடுக்காத நம்பர்.
ஸ்கூட்டியைப் பாசையூர்ச் சந்தைக்கே விட்டன்.

நண்டுப் பெட்டிக்கு முன்னால மரிஸ்டெலா அக்கா.
துண்டை நீட்டினன்.
தொடேல்லை; கையெல்லாம் செதில்.
"வாசி."

"கலங்கள் கொஞ்சம் மாறிக் கிடக்காம்.
புற்றுநோய் எண்டில்லை.
பெரியாஸ்பத்திரியில
கருப்பைக் கழுத்தைக் கண்ணாடி வச்சு
இன்னொருக்காப் பாக்கோணும்."

ஒரு நண்டைத் தூக்கி
வயித்தில பெருவிரலால அமத்தினா.
எறியேல்லை, விலைக்கும் வைக்கேல்லை.
வேற வாளிக்குள்ள போட்டா.

"அந்தாளுக்குச் சொல்லோணுமோ?"
"உங்கட விருப்பம், அக்கா."

வியாழன், காலமை எட்டரை.
என்ர பேனையால
தன்ர முழங்கைக்கு மேல எழுதச் சொன்னா;
தண்ணி படாத இடம் அதுதானாம்.

வெளிக்கிடேக்க கேட்டா:
"நீ எடுத்தனியோ பிள்ளை, உன்ர சோதினை?"

எனக்கு முப்பத்தேழு.
ஹெல்மெட் வாரைக் கொழுவ
கனநேரம் எடுத்தது.