அரை இஞ்சு

"நாளைக்கு வர்றேங்க்கா" என்ற பிளம்பருக்கு
இன்றோடு ஒன்பது நாளைக்கு.

காவேரிப்பட்டணம் பசவராஜ் ஹார்டுவேரில்
பித்தளை நானூற்றுப் பத்து, பிளாஸ்டிக் தொண்ணூறு.
"வீட்ல யாருங்க மாட்டுவாங்க?"
"டேப்பு ஒரு ரோல் குடுங்க" என்றேன்.

அடுப்படியின் பழைய குழாய் வர மறுத்தது.
போர்த்தண்ணி உப்பு அதன் கழுத்தைச் சுற்றி ஏறி
சுவரும் அதுவும் ஒன்றாகியிருந்தன.
வெந்நீர்த் துணி சுற்றினேன். எலுமிச்சை பிழிந்தேன்.
ரெஞ்சில் என் முழு எடையையும் தொங்கவிட்டபோது
மளுக்கென்று வந்தது,
மரையைச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டு.

மாடி வால்வை மூடிவிட்டுத்தான் இறங்கியிருந்தேன்.
மூடிக்கொண்டதாக அது என்னை நம்பவைத்திருந்தது.

முகத்தில் பீறிட்டதைக்
கட்டைவிரலால் அடைத்தேன்.
அரை இஞ்சுக் குழாய்க்கு
என் கட்டைவிரல் அளவெடுத்ததுபோல் இருந்தது.
இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்போதுதான் போன்.
மாவு டப்பாவின் மூடியில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது:
மாதேசன் அண்ணன்.
எதற்கென்று தெரியும்.
திங்கட்கிழமை, சார்பதிவாளர் ஆபீஸ், விடுதலைப் பத்திரம்.
"நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா,
வந்து வெரல மட்டும் வெச்சிட்டுப் போ."
பர்கூர்ப் பக்கம் என் பங்கு ஒன்றே கால் ஏக்கர்.
பதினேழு மாமரம், எல்லாம் பெங்களூரா.

வெரலு வேற வேலையில இருக்குண்ணா
என்று போனைப் பார்த்துச் சொன்னேன்.
சத்தமாகத்தான் சொன்னேன்.
அடித்து ஓய்ந்து
மறுபடி அடித்தது.

டேங்க் காலியாக இருபது நிமிடம்.
எடுத்துப் பார்த்தால் விரல் நுனி ஊறி வெளுத்து
ரேகையெல்லாம் சுருங்கிக் கிடந்தது.
எந்த மெஷினும் இதை வாங்காது.

அப்புறம் ஹாக்சா பிளேடை உள்ளே விட்டு அறுத்து
ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி
உடைந்த மரையைத் துண்டு துண்டாக எடுத்தேன்.
டேப்பை முதலில் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டேன்.
பிரித்து மறுபடியும், பதினைந்து சுற்று.

புதுக்குழாய் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது.
இன்னொரு முறுக்குத் தாங்குமோ என்னவோ.
இருக்கட்டும்.

மோட்டாரைப் போட்டுவிட்டு
அதனடியில் பழைய செய்தித்தாளை விரித்துவைத்தேன்,
ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

ஒன்பது மணிக்கு அண்ணனின் மெசேஜ்:
பத்தரைக்கு வந்துரு. ஆதார் மறக்காத.

பதில் போடாமல் அடுப்படி விளக்கைப் போட்டேன்.
குனிந்து
உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.
பேப்பர் காய்ந்தே இருந்தது.