மாதிரி எண் 47

எங்கள் மாவட்டத்தில்
தண்ணீரைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.
தெளிந்திருக்கும், மணக்காது, நாக்குக்கும் குறை தெரியாது.
பத்து வருஷம் கழித்து
பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கும்போது
பல்லில் பழுப்புக் கோடு எழுந்து வரும்.
ஃப்ளூரைடு அளப்பது என் வேலை.
தர்மபுரி, குடிநீர் ஆய்வகம், முதல் மாடி.

தங்கை சலேத் மேரி போன ஜூனில்
பென்னாகரம் ரோட்டில் புளியந்தோப்புக்குப் பின்னால்
மெய் மீதியானோர் சபைக்குள் போனாள்.
ஸ்கூட்டியைக் கொடுத்தாள், வளையலைக் கொடுத்தாள்,
பிறகு போன் நம்பரையும்.
அம்மா செத்த அன்று வரவில்லை.
யாரோ ஒருவர் எண்ணிலிருந்து
வசன எண் ஒன்று மட்டும் வந்தது.
எடுத்துப் படித்துவிட்டு மூடிவைத்தேன்.

ஃபாதரிடம் போனேன்.
அவர் சிஎஸ்ஐ ஐயரைக் கூப்பிட்டார்,
ஐயர் பெந்தெகொஸ்தே பாஸ்டர் யோபுவை.
பள்ளி ஸ்டாஃப் ரூமில் டீ ஆறிக்கொண்டிருக்க
அந்தச் சபையின் விசுவாச அறிக்கையை
மூன்று பேரும் வரி வரியாகப் படித்தார்கள்.
திரித்துவம், இருக்கிறது.
சிலுவை, உயிர்த்தெழுதல், இருக்கிறது.
ஞானஸ்நானம், முழுக்கு.
"அதுல தப்பில்லை" என்றார் பாஸ்டர், கொஞ்சம் வேகமாக.
துர்உபதேசம் என்று அடிக்கோடிட
ஃபாதரின் சிவப்புப் பேனா
கடைசிப் பக்கம் வரை வரி தேடி அலைந்தது.

பாஸ்டர் யோபு டம்ளரை வைத்தார்.
"எங்கப்பா செத்தப்ப, ஃபாதர்,
உங்க கல்லறையில இடம் கேட்டோம்.
கள்ள உபதேசக்காரனுக்கு இடமில்லைன்னாங்க.
ஏரிக்கரையில வெச்சோம்.
ரெண்டு மழைக்கு மேடு கரைஞ்சிருச்சு."
ஃபாதர் அப்போது பிறந்திருக்கவில்லை.
இருந்தும் தலைகுனிந்து
பேனாவை மூடினார்.

வெகுநேரம் பேசாமலிருந்த ஐயர் கேட்டார்:
"அங்கேயிருந்து விலகி வந்தவங்க யாராவது உண்டா?
உள்ள இருக்கறவங்க அவங்களோட பேசுறாங்களா?"
தெரியாது என்றேன்.
"என் சபையை விட்டு முப்பது குடும்பம்
இவர்கிட்ட போயிருக்கு. வருத்தம்தான்.
ஆனா கிறிஸ்துமஸுக்கு முறுக்கு வந்துடும்.
போன வருஷம் அதிரசமும்."
பாஸ்டர் சிரித்துவிட்டார்.
அன்றைய கூட்டத்தில் அவ்வளவுதான் முடிவு.

உறவுக்காரனுக்குத் திறக்காத கேட்
அரசாங்க பாட்டிலுக்குத் திறந்தது.
ஆழ்துளைக் கிணறுகளைச் சோதிக்க உத்தரவு உண்டு, பொய்யில்லை.
தேதியைத்தான் நான் முன்னால் இழுத்தேன்.
அப்போஸ்தலர் எலியேசர் தன்மையாகப் பேசினார்,
மோர் கொடுத்தார், கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மோர்.
இடுப்பில் சாவிக்கொத்து.
எத்தனை கதவு என்று எண்ணத் தொடங்கி
விட்டுவிட்டேன்.

"தெபோராள், மோட்டாரைப் போடம்மா."
வந்தவள் சலேத்.
அண்ணா என்று சொல்லவில்லை.
பாட்டிலை வாங்கி மூன்று முறை அலசினாள்,
நான் சொல்லாமலே.
ஆய்வகத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்த நாட்களில்
பார்த்து வைத்திருக்கிறாள்.
மூடியைத் திருகும்போது
மோட்டார் இரைச்சலுக்கு அடியில்
"ரிசல்ட்டை என் பேருக்கு அனுப்புவீங்களா?"
"எந்தப் பேருக்கு?"
அதற்குள் யாரோ மோட்டாரை நிறுத்திவிட்டார்கள்.

மாதிரி எண் 47.
ஃப்ளூரைடு 0.8. எல்லைக்குள்.
அந்த வளாகத்தில் தண்ணீர் நல்ல தண்ணீர்,
அம்மா கடைசிவரை குடித்த
எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைவிட.
வேறெதையும் எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

உறையில் எழுதினேன்:
சலேத் மேரி, த/பெ. இன்னாசி.
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.
அட்டை எப்படியும் திரும்பி வரும்.
அதில் இருக்கும் கையெழுத்தை
எனக்குத் தெரியும்,
இல்லாவிட்டால் தெரியாது.