தலைக்கு மேல் வேலை

நேற்றே சுட்டு உரித்தாயிற்று,
நாற்பது கிலோ சிவப்புக் குடமிளகாய்.
நகக்கண் இன்னும் எரிகிறது.
இன்று கிண்டாவிட்டால் நாளை புளித்துவிடும்.

கூரையும் நேற்றே பிரித்தாயிற்று.
கட்டிலுக்கு மேலே, இரண்டு ஆள் படுக்கிற அகலத்துக்கு,
ஆசெனோவ்கிராத் வானம்.
சாயங்காலம் மழை என்கிறது வானொலி.

இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கியது யார் யோசனை?
காலை ஆறு மணிக்குக் கேட்டேன்.
கலின் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

முற்றத்தில் மூன்று கல், பிளம் விறகு,
துடுப்பு நீளத்தில் ஒரு மரக்கரண்டி.
லூத்தெனித்சா கிண்டுகிறவள்
வேறெங்கும் பார்க்கக் கூடாது.
கொப்பளித்து முழங்கை வரை தெறிக்கும்.
கரண்டி இழுத்த தடம்
மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம்.
இன்னும் மூடிக்கொண்டுதான் இருக்கிறது.

மேலிருந்து ஒரு குரல்:
"ஓடு!"
ஓடத்தான் வேண்டியிருக்கிறது.
நான்கு ஓடு நெஞ்சோடு அணைத்து
ஏழாவது படி வரை ஏறி
நீட்டி, இறங்கி,
கரண்டியைப் பிடிப்பதற்குள்
"ஓடு!"

குறிப்பு இருப்பது
கட்டடச் சாமான் கடை ரசீதின் முதுகில்.
அப்பா கொத்தனார்,
எழுதுவதற்கென்று தாள் வாங்காதவர்.
ஒரு பக்கம் சுண்ணாம்பு, ஓடு, ஆணி.
மறுபக்கம் மிளகாய், தக்காளி, கத்தரிக்காய், எண்ணெய், உப்பு.
எண்ணெய்க் கை பட்டுப் பட்டு
தாள் கண்ணாடியாகிவிட்டது.
அந்தப் பக்கத்து ஏழு ஒன்று
இந்தப் பக்கம் வந்து
உப்புக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறது.
ஏழு கைப்பிடி உப்பா,
ஏழு கிலோ ஆணியா?
எழுத்து திரும்பி நிற்கிறதே, அதை வைத்துக் கண்டுபிடி
என்று சொல்வீர்கள்.
அப்பா ஏழைத் திருப்பித்தான் போடுவார், எப்போதும்.

"எங்கள் வீட்டில் ஐந்து"
என்றார் மதிலுக்கு அப்பாலிருந்து த்ரிஃபோன்.
உப்பா ஆணியா என்று சொல்லவில்லை.

அடுத்த "ஓடு"க்கு நான் ஏறியபோது
அடிப்பிடித்த வாசனை
எனக்கு முன்னால் அவன் மூக்குக்கு எட்டியது.
சுத்தியலை அப்படியே போட்டுவிட்டு
என்னைத் தாண்டி இறங்கினான்.
ஏணியில் பாதி வழியில் இரண்டு பேர்,
ஒருவர் கோபத்தை ஒருவர் உரசிக்கொண்டு.
அடியைச் சுரண்டாமல்
மேலாக வேறு அண்டாவுக்கு மாற்றினான்,
எனக்குத் தோன்றியே இருக்காது.
நாக்கில் ஒரு சொட்டு வைத்துக் கண்ணை மூடி,
"நாலு போட்டிருக்கிறாய்" என்றான்.
நாலுதான் போட்டிருந்தேன்.

நான் இறங்கவில்லை.
அவன் வைத்த வரிசை
பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.
கொத்தனார் மகள் அதைப் பார்த்துக்கொண்டு
கீழே என்ன கிண்டுவது?
பன்னிரண்டு ஓட்டைக் கழற்றி
முதலிலிருந்து அடுக்கினேன்.
இப்போது நான் கூப்பிட்டேன்: "ஓடு!"
அவன் ஓடவில்லை.
"பதம் வருகிறது, இரு."
இருந்தேன்.
கூரையில் உட்கார்ந்து பார்த்தால்
த்ரிஃபோன் வீட்டு ஓடும் சரியில்லை.

ஐந்தரைக்குத் தூறல்.
கடைசி ஓட்டை நான் அழுத்தியபோது
அவன் கடைசிப் போத்தலை மூடிக்கொண்டிருந்தான்.
அறுபத்திரண்டு போத்தல்.
ஒன்று விரிசல். அதை நின்றபடியே
ரொட்டியில் வழித்துத் தின்றோம்,
நனைந்த சட்டையோடு,
யார் முதலில் பேசினோம் என்று கவனிக்காமல்.

ராத்திரி அலமாரிக்கு மேல்
சொட், சொட்.
"உன் பக்கம்" என்றான்.
"நீ வைத்த பக்கம்" என்றேன்.
அடிப்பிடித்த அண்டாவைக் கொண்டுபோய்
அதற்கு நேர் கீழே வைத்தோம்.
ஊறட்டும், காலையில் தேய்க்கச் சுலபம்.

தூங்கப் போகுமுன் ரசீதை எடுத்து
பென்சிலால் எழுதினேன்:
உப்பு ஏழு.
ஆணி தெரியவில்லை.